பதினான்காம் தாள்

ஸ்கேலக்காவை முதல் சனிக்கிழமையே எனக்குப் பிடிக்கவில்லை. இதை மறைத்துவிட்டு எழுதினால் மீதியெல்லாம் பொய்யாகிவிடும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பள்ளியில் புகைப்படம் கற்றுக்கொடுப்பவன். வார நாட்களில் பிள்ளைகள் வருவார்கள். சனிக்கிழமை காலையில், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போன பெரியவர்கள் வருவார்கள். அவர்களில் ஒருவர் இவர். நாற்பத்து மூன்று வயது, என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அன்றைக்கு வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கையைத் தூக்கினார்.

"சார், போர்டுல போட்ட கட்டத்தை சதுரம்னு சொன்னீங்க. அது சதுரம் இல்ல சார். ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் கூட இருக்கு."

அளந்து பார்த்தேன். ஒன்றேகால் சென்டிமீட்டர் கூட இருந்தது. வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

அவர் வேலை அப்படி. தண்ணீர்க் குழாய் உதிரிகள் செய்யும் தொழிற்சாலையில் பரிசோதனை மேசை. பித்தளைத் துண்டுகள் தட்டுத் தட்டாக வரும். ஒவ்வொன்றையும் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வெர்னியர் வைத்து அளந்து, ஓட்டையோ கீறலோ பிசிறோ இருந்தால் சிவப்புச் சாயம் தொட்டு வைத்து ஒதுக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. பத்தொன்பது வருடம் அதைச் செய்திருக்கிறார். ஆனால் பதவியின் பெயர் 'உதவியாளர்'. பரிசோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை 'ஆய்வாளர்' என்பவருக்கு மட்டும். ஆய்வாளர் ஆகப் பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும்.

"நான் எண்ணை எழுதுவேன் சார். அந்த மனுஷன் வந்து கீழ கையெழுத்துப் போடுவாரு. தங்கமான மனுஷன், குறை சொல்லக் கூடாது. ஆனா ஒரு நாளும் அந்தத் துண்டைக் கையில எடுத்துப் பாத்ததில்ல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அந்த மனிதர் அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுவதாக இருந்தது. அதற்குள் சான்றிதழ் கையில் இருந்தால் அந்த இடம் ஸ்கேலக்காவுக்கு. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒருவரைப் போட்டுவிடுவார்கள், அந்தப் புது ஆள் ஓய்வு பெறும்வரை ஸ்கேலக்கா உதவியாளர்தான்.

கணக்கு, மொழி, அறிவியல் எல்லாவற்றையும் இரண்டு வருடத்தில் எழுதித் தேறிவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாடப்பணி. காட்சிக் கூறுகள் என்று ஏழு உண்டு: கோடு, வடிவம், உருவம், நிறம், ஒளியின் அடர்த்தி, மேற்பரப்பின் தன்மை, கோலம். ஏழுக்கும் சொந்தமாகப் படம் எடுக்க வேண்டும். அந்தப் படங்களிலிருந்து ஒரு பொருளுக்கான யோசனையைப் பிடித்து, வரைந்து, பட்டறையில் செய்து, பரிசோதித்து, எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித் தர வேண்டும். படங்கள் என் பொறுப்பு, பட்டறை இன்னொரு வாத்தியார் பொறுப்பு. நான் போடும் மதிப்பெண்ணை வெளியிலிருந்து வரும் தேர்வாளர் சரிபார்ப்பார்.

முதல் தவணைப் படங்களைக் கொண்டுவந்தார். இருபத்தெட்டு படம். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மாடிப்படி, பக்கத்திலேயே ஒரு ஸ்டீல் ஸ்கேல். ஜன்னல் கம்பி, அதன் மேல் ஸ்கேல். வெட்டிய எலுமிச்சம்பழம், ஸ்கேல். கணவரின் சவரம் செய்யாத கன்னத்தை மிக நெருக்கத்தில் எடுத்திருந்தார், மேற்பரப்பின் தன்மைக்காக. கன்னத்தை ஒட்டி, மனிதர் தன் கையாலேயே பிடித்தபடி, அதே ஸ்கேல்.

"என்னங்க இது?"

"என்ன சார்?"

"எல்லாப் படத்துலயும் ஸ்கேல் இருக்கே!"

"ஸ்கேல் இல்லாம எப்படி சார் படம் எடுக்கறது? எது எவ்வளவு பெரிசுன்னு பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

தொழிற்சாலையில் பழுதான துண்டைப் படமெடுத்தால் பக்கத்தில் ஸ்கேல் வைத்தே தீர வேண்டுமாம். வைக்காத படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். பத்தொன்பது வருடம் அப்படித்தான் எடுத்திருக்கிறார். இதைக் கேட்டுப் பின்வரிசையில் சிரித்த ஒருவர் வைத்த பெயர்தான் ஸ்கேலக்கா. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்ல பேருதான். வளையாது" என்றார்.

அத்தனையையும் ஸ்கேல் இல்லாமல் மறுபடி எடுக்கச் சொன்னேன். மூன்று வாரம் கழித்துக் கொண்டுவந்தார். ஸ்கேல் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிறகுதான் படத்தின் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன்: 'படத்தில் தெரியும் அகலம் 140 மி.மீ.' கன்னத்துக்குக் கீழே: 'முடியின் நீளம் ஏறத்தாழ 3 மி.மீ.' எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஆனால் விதியில் அதற்குத் தடை இல்லை, விட்டுவிட்டேன்.

இவ்வளவு எரிச்சலுக்கு நடுவில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வடிவத்துக்கும் உருவத்துக்கும் என்ன வித்தியாசம் என்று நான் அரைமணி நேரம் வகுப்பில் மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். வடிவம் தட்டை, உருவத்துக்குக் கனம் உண்டு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன், ஒருவர் முகத்திலும் தெளிவில்லை. ஸ்கேலக்கா திரும்பி மற்றவர்களிடம், "காகிதத்துல வரைஞ்சு வர்றது வடிவம். தட்டுல வந்து விழறது உருவம். உருவத்தைத் திருப்பிப் பாக்கணும், பின்பக்கம் ஒண்ணு இருக்கும்" என்றார். எல்லாருக்கும் புரிந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு வருடமும் அதை நானே கண்டுபிடித்த மாதிரி வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர் செய்ய எடுத்துக்கொண்ட பொருள், தூரிகைப் பிடி. கணவர் வீடுகளுக்கு வண்ணம் பூசுபவர். இரண்டு வருடம் முன்பு ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு நொறுங்கியது. எலும்பு கூடிவிட்டது, பிடி மட்டும் திரும்பவில்லை. ஐந்து நிமிடம் தூரிகை பிடித்தால் கட்டைவிரல் நடுங்கும். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். மனிதர் ஓயாமல் பேசிச் சிரிப்பவர், பட்டறைக்கு ஒருமுறை வந்து எல்லாருக்கும் வேடிக்கை காட்டிவிட்டுப் போனார். "எங்க வீட்டுல முத்தம் குடுத்தாக்கூட அளந்துதான் வாங்குவாங்க" என்று அவர் சொன்னபோது பட்டறை வாத்தியார் சிரித்த சிரிப்பில் துளையிடும் எந்திரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. ஸ்கேலக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

ஒளியின் அடர்த்திக்காக அந்தக் கையைத்தான் படமெடுத்தார். காலை வெளிச்சம் ஜன்னல் வழியே வர, வெள்ளைச் சுவரில் சாய்ந்த வலது கை. விரல் இடுக்குகளில் கறுப்பு, முட்டிகளில் சாம்பல், மணிக்கட்டில் தழும்பு மட்டும் பளிச்சென்று. நான் பதினான்கு வருடமாகப் படமெடுக்கிறேன். அப்படி ஒன்று எனக்கு அமைந்ததில்லை. பொறாமையாக இருந்தது. அந்த நிழல்களை வைத்துத்தான் விரல்கள் எங்கே அழுந்துகின்றன, எங்கே அழுந்துவதில்லை என்று கண்டுபிடித்து, பிடியின் மேடு பள்ளங்களை வரைந்தார். மரத்தில் ஐந்து மாதிரி செதுக்கினார். ஐந்தாவதைத் தேய்த்து மெருகேற்றி இறுதிப் பொருள் என்று வைத்தார்.

அந்தப் பிடியால் கணவர் இருபது நிமிடம் வலி இல்லாமல் வண்ணம் பூச வேண்டும். கோப்பின் இரண்டாவது தாளிலேயே இதை எழுதியிருந்தார். யாரும் கேட்கவில்லை, அவரே வைத்துக்கொண்ட அளவு.

பரிசோதனையை வீட்டில், பின்பக்கச் சுவரில் செய்தார்கள். அதை அவர் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன். கணவர் பூச ஆரம்பித்தார், இவர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பத்து நிமிடம் வரை பாட்டுகூடப் பாடினாராம். பதினான்காவது நிமிடம் பாட்டு நின்றது.

"வலிக்குதா?"

"சே, சே. சூப்பரா இருக்கு."

"கட்டைவிரல் நடுங்குதுங்க."

"அது குளிருக்கு. நீ எழுதிக்கோ, இருபது நிமிஷம் ஆச்சுன்னு போட்டுடு. நல்லா இருக்கு, சத்தியமா நல்லா இருக்கு."

"நீங்க சொல்றது பிரியம்ங்க. அளவு இல்ல" என்று சொல்லித் தூரிகையைப் பிடுங்கி வைத்துவிட்டார். இருபது நிமிடம் முழுக்கப் பூசியே தீருவேன் என்று கணவர் கோபித்துக்கொண்டாராம். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பாட்டின்போது பேசவில்லை.

கோப்பில் பதின்மூன்றாம் தாள், பயன்படுத்துபவரின் கருத்து. அதில் கணவர் தன் கையெழுத்திலேயே 'மிகவும் நன்றாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். பதினான்காம் தாள், செய்தவரின் பரிசோதனை. அதில் நிமிட வாரியாகக் கட்டம் போட்டு, எப்போது பிடி தளர்ந்தது, எப்போது விரல் நடுங்கியது எல்லாம் எழுதி, கடைசி வரியில் இப்படி முடித்திருந்தார்: 'தேவை 20 நிமிடம். கிடைத்தது 14. நிராகரிக்கப்பட்டது.' கீழே முழுப் பெயரும் கையெழுத்தும் தேதியும்.

"என்னங்க இப்படி எழுதிட்டீங்க?" என்றேன்.

"நிராகரிப்புதானே சார்? ஆறு நிமிஷம் குறையுதே."

"அது உங்க பொருளுங்க! உங்க பொருளை நீங்களே வேண்டாம்னு சொன்னா தேர்வாளர் எப்படித் தேற விடுவாங்க? 'மேலும் மேம்படுத்தலாம்'னு எழுதுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"மேம்படுத்தலாம்னா அது எந்தத் தட்டுல போகும் சார்? நல்லதுலயா, ஒதுக்கினதுலயா?"

"இங்க தட்டெல்லாம் கிடையாதுங்க."

"கையெழுத்துப் போட்டுட்டேன் சார்" என்றார், அதற்கு மேல் பேச்சே இல்லை என்பது போல. கோப்பை நீட்டினார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு, 'தாள்கள் 22, பெற்றுக்கொண்டேன்' என்று. அதில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் போனார். எனக்கு அப்போது அது சிரிப்பாக இருந்தது.

முந்தின வருடம் ஒருவர் 'என் பொருள் வேலை செய்யவில்லை' என்று எழுதித் தேறாமல் போயிருந்தார். அது என் மனதில் கிடந்து அரித்தது. இந்த அம்மா ஒற்றைக்காலில் நின்று தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாரே என்று ஆற்றாமையாக இருந்தது. எனக்கு அவர்மேல் எப்போதிலிருந்து இவ்வளவு அக்கறை வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. வியாழக்கிழமை மதியம், ஆசிரியர் அறையில் யாரும் இல்லாதபோது, கோப்பின் நாடாவை அவிழ்த்துப் பதினான்காம் தாளை உருவினேன். மேசை இழுப்பறையில் போட்டேன். நாடாவை மறுபடி கட்டினேன். கணவரின் 'மிகவும் நன்றாக இருக்கிறது' போதும், யார் தாளை எண்ணப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

தேர்வாளர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்கு நுனியில் கண்ணாடி. வகுப்பில் எல்லாரும் அவரவர் கோப்பின் பக்கத்தில் நின்றார்கள். ஸ்கேலக்காவின் மேசைக்கு வந்ததும் தேர்வாளர் உட்கார்ந்தே விட்டார். கைப் படத்தை வெகுநேரம் பார்த்தார். ஐந்து மாதிரிகளையும் கையில் பிடித்துப் பார்த்தார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிறகு எச்சில் தொட்ட விரலால் பின்னோக்கிப் புரட்டினார்.

"பதிமூணுக்கு அப்புறம் பதினஞ்சு இருக்கே. பதினாலு எங்கம்மா?"

ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஸ்கேலக்கா எண் போட்டிருந்தார். 1/22, 2/22 என்று. நான் அதைப் பார்த்திருக்கிறேன், அலங்காரம் மாதிரி பார்த்திருக்கிறேன்.

"இருக்குமே மேடம்" என்று கோப்பை வாங்கிப் பார்த்தார் ஸ்கேலக்கா. இரண்டு தரம் எண்ணினார். முகம் வெளுத்துவிட்டது.

"அதுல என்ன இருந்துச்சு?"

"பரிசோதனை."

"பரிசோதனைத் தாள் இல்லேன்னா கோப்பு முழுமை இல்லம்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இவ்வளவு நல்லா செஞ்சிருக்கீங்க, அதையே விட்டுட்டீங்களே?" தேர்வாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

"விடல மேடம். நான் குடுத்தப்போ இருபத்திரண்டும் இருந்துச்சு. சார் எண்ணிப் பாத்து வாங்கினாரு." பையைத் திறந்து துண்டுச் சீட்டை எடுத்து வைத்தார். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. எந்தத் தட்டு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று சொல்கிற குரல்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இங்கதான் எங்கயாவது விழுந்திருக்கும்" என்றேன்.

சொன்னது நான்தான். வேறு யார்மேலும் பழி போட முடியாது.

ஸ்கேலக்கா நம்பிவிட்டார். உடனே தரையில் முட்டிபோட்டு மேசைக்கு அடியில் தேட ஆரம்பித்தார். பித்தளைப் பிசிறு ஏறிய கைகளால் தரையைத் தடவிக்கொண்டே அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அலமாரிக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். மற்றவர்களும் குனிந்தார்கள். "கவலைப்படாதீங்க அக்கா, கெடைச்சுடும்" என்றார் அவருக்குப் பெயர் வைத்த பின்வரிசைக்காரர். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்கேலக்கா தலையை நிமிர்த்தி, "ரெண்டு நிமிஷம் மேடம், ஒரே ரெண்டு நிமிஷம்" என்று கெஞ்சினார். அந்தக் குரலில் அவர் அதுவரை யாரிடமும் எதையும் கேட்டு நான் கேட்டதில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது, வெட்கம் என்றால் உடம்பெல்லாம் எரிகிற வெட்கம். ஆசிரியர் அறைக்குப் போனேன். இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்துவந்து தேர்வாளர் முன்னால் வைத்தேன். "விழல. நான்தான் எடுத்தேன்" என்றேன்.

தேர்வாளர் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதை எதுக்கு எடுத்தீங்க?"

"தேறாம போயிடுவாங்களோன்னு. போன வருஷம் வேலை செய்யலன்னு எழுதின ஒருத்தர் தேறல."

"இந்த வருஷம் நான் பாத்த நூத்திப்பத்து கோப்புல, தன் பொருள் சரியில்லைன்னு அளந்து சொன்னது இவங்க ஒருத்தங்கதான். மதிப்பெண்ணே இதுக்குத்தான் சார். போன வருஷம் நீங்க சொல்ற அந்த ஆள், வேலை செய்யலன்னு எழுதினாரு, எதனாலன்னு ஒரு வரி எழுதல. வாத்தியாரா இருந்துக்கிட்டு இதுகூடப் புரியலையா உங்களுக்கு?"

புரியவில்லைதான். அங்கேயே உட்கார்ந்து நடந்ததை என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். மாணவர் கோப்புக்கு மதிப்பெண் போடும் பொறுப்பிலிருந்து என்னை இரண்டு வருடம் விலக்கி வைத்தார்கள். பாடம் மட்டும் நடத்தலாம். கிடைக்க வேண்டியது கிடைத்தது.

ஸ்கேலக்கா தேறினார், நல்ல மதிப்பெண்ணோடு. ஆய்வாளர் இடமும் கிடைத்தது. ஆறாவது மாதிரி செய்துகொண்டிருப்பதாகவும், பதினேழு நிமிடம் வரை வந்திருப்பதாகவும், கணவர் இன்னமும் இருபது என்று புளுகுவதாகவும் பட்டறை வாத்தியார் மூலம் கேள்விப்பட்டேன். என்னிடம் அவர் பேசவே இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்த நேரத்தில் கோப்பைத் திரும்ப வாங்க வந்தார். தாள்களை எண்ணினார். இருபத்திரண்டு. நாடாவைக் கட்டிக்கொண்டே நின்றார். நானாகத்தான் வாயைத் திறந்தேன்.

"என்னை மன்னிச்சிடுங்க. உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சுத்தான் செஞ்சேன்."

"தெரியும் சார். கெட்டது நெனக்கற ஆள் இல்ல நீங்க." முடிச்சை இறுக்கினார். "எங்க வீட்டுக்காரரும் நல்லதுதான் நெனச்சாரு. ஆனா அவரு என் தாள்ல கைவைக்கல, அவரு தாள்ல பொய் எழுதினாரு. அவ்வளவுதான்."

நான் தலையாட்டினேன்.

"பத்தொன்பது வருஷமா நான் பாத்ததுக்கு வேற ஒருத்தர் கையெழுத்து சார். மொத மொதல்ல நானே பாத்து, நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்ட தாள் அது. அதைத்தான் நீங்க உருவிப் போட்டீங்க." பையின் வாயைத் திறந்தார். "அன்னிக்கு நான் தரையில தேடுனப்போ எவ்வளவு நேரம் சார் பாத்துக்கிட்டு நின்னீங்க?"

அவருக்குத் தெரியாத அளவு எதுவும் இருக்க முடியாது, அன்றைக்குக் கடிகாரம் அவர் தலைக்கு மேலேதான் மாட்டியிருந்தது. ஆனாலும் என் வாயிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தார்.

"நாலு நிமிஷம்" என்றேன்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு, கோப்பைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.